கலைந்த அவையும் கலையாத காட்சியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

செல்வத்தின் நிலையாமையை விளக்க ஓர் உவமையைத் தேடிய திருவள்ளுவருக்குக் கூத்துப் பார்க்க வந்த கூட்டம் கண்முன் தோன்றியது. கூத்தாடும் களத்தில் மக்கள் சிறிது சிறிதாக வந்து கூடுவது போலச் செல்வம் சேரும். கூத்து முடிந்ததும் அக்கூட்டம் ஒருசேரக் கலைவது போல அது நீங்கும் என்கிறார் (குறள் 332). செல்வத்தைப் பற்றி அவர் சொன்னது முற்றும் உண்மை. கூத்தவையைப் பற்றி அவர் சொன்னதும் உண்மையே. ஆயினும் உவமைக்கு வேண்டிய அளவே அவர் சொன்னார். கலைந்து சென்ற மக்கள் தத்தம் வீட்டிற்கு எதைக் கொண்டு சென்றனர் என்பது அக்குறளின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இன்றைய உரை அவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது.

சிற்பியின் கல் நிற்கிறது. புலவனின் ஏடு நிற்கிறது. மேடையில் நிகழும் நடிப்போ பிறந்த இரவிலேயே மறைகிறது. நாடகப் பிரதி அச்சில் கிடைக்கலாம்; அந்த இரவு அச்சில் கிடைப்பதில்லை. அதற்கு உள்ள இருப்பிடம் ஒன்றே ஒன்று. அது கண்டவர் நெஞ்சம். தமிழ் மேடையின் வரலாற்றை நாடகாசிரியர்களின் வரலாறாக எழுதியுள்ளனர். நடிகர்களின் வரலாறாகவும் எழுதியுள்ளனர். பார்த்தவர்களின் வரலாறாக அது பெரிதும் எழுதப்படவில்லை. ஒருவர் தம் வாழ்நாளில் எத்தனையோ நாடகங்களைப் பார்க்கிறார். அவற்றுள் ஒன்றை மட்டும் முதுமையிலும் மறவாமல் வைத்திருக்கிறார். அந்த ஒன்று அவரை என்ன செய்தது? அவர் அதற்கு என்ன செய்தார்? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

அரங்கும் அவையும்

தமிழில் அரங்கின் அமைப்பை விரிவாகச் சொல்லும் பழைய நூல் சிலப்பதிகாரம். உத்தமன் ஒருவனது கைப்பெருவிரல் அளவில் 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக மாதவியின் அரங்கு அமைந்தது என்கிறது அரங்கேற்று காதை. புகவும் வெளியேறவும் இரு வாயில்கள், மூவகைத் திரைச்சீலைகள் என அதன் உறுப்புகள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. இவற்றினூடே இளங்கோவடிகள் விளக்கைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறார். தூண்களின் நிழல் இடையூறு செய்யாதவாறு விளக்கை அமைக்க வேண்டும் என்பது அச்செய்தி. நிழல் விழுந்தால் இடர்ப்படுவோர் யார்? காண்போரே. ஆடுபவளுக்கு அளவும், காண்பவருக்கு ஒளியும் என அரங்கு இருவருக்குமாகக் கட்டப்பட்டது என்பது இதனால் தெளிவாகும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்தோரும் சுவை பிறக்கும் இடத்தையும் அதனை உணர்வோரையும் தனித்தனியே வைத்து ஆராய்ந்தனர். ஆடுவோர் ஒரு பாதி, காண்போர் மறுபாதி என்னும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புதியதன்று.

விடியும்வரை விழித்திருந்தோர்

வட ஆர்க்காடு என நெடுங்காலம் வழங்கிய இந்நிலப்பகுதி 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதிலிருந்து அமைந்த வேலூர் மாவட்டம் 2019இல் மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் மாறினும் கூத்தின் எல்லை மாறவில்லை. இவ்வட்டாரத்தில் நாடகம் என்றதும் முதியோர் நினைவில் எழுவது கொட்டகையன்று, கூத்துக் களரியே.

திரௌபதியம்மன் விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு நிகழும். இரவில் அக்கதை கூத்தாக ஆடப்பெறும். பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் காணும் அவை அது. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடைத் துயில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனக் கதை இரவு இரவாக நகரும். கட்டியங்காரன் வந்து அவையைக் கலகலப்பாக்குவான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று வேடக்காரர் தம் வருகையைப் பாடுவார். கலியாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் அரிதாரம் பூசிய முகமும் திரை விலகியதும் விளக்கொளியில் சுடர்விடும். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் அந்த நொடிக்காகவே காத்திருந்தவை போல ஓங்கி ஒலிக்கும்.

அந்த அவைக்குக் கதை தெரியும். முடிவும் தெரியும். ஆதலால் அடுத்து நடப்பதை அறிவதற்காக எவரும் அங்கு வருவதில்லை. இன்னார் கட்டிய கர்ணன், இன்னார் கட்டிய துரியோதனன் என வேடத்தைக் கட்டியவரின் பெயராலேயே கூத்தை நினைவில் வைப்பது இவ்வட்டார வழக்கு. ‘நடித்தார்’ என்று சொல்லாமல் வேடம் ‘கட்டினார்’ என்று சொல்லும் இச்சொல்லாட்சி எண்ணத்தக்கது. தந்தை பார்த்த கர்ணனையும் மகன் பார்க்கும் கர்ணனையும் ஒரே திண்ணையில் வைத்து ஒப்பிட்டு வழக்காடும் திறனாய்வு மரபு ஒன்று இங்கு இருந்தது. எழுத்தறியாதவர்களும் அதில் தேர்ந்திருந்தனர்.

இந்த அவை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் அவையும் அன்று. அர்ச்சுனன் தபசில் உயர்ந்த தபசு மரத்தின் மேல் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சையும் பூவும் பழமும் வீசுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை ஏந்தி அவற்றைப் பெறுவர். பகடைத் துயிலில் துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதியின் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்குவார். திரௌபதியாக நிற்பவரும் ஓர் ஆடவர்தாம் என்பதை அங்குள்ள அனைவரும் அறிவர். அறிந்தும், அவிழ்ந்த அக்கூந்தலைக் கண்டு பெண்கள் கைகூப்புவர். படுகளத்தன்று, மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தருகே அக்கூந்தல் முடியப்பெறும்போதே ஊருக்கு மன அமைதி திரும்பும்.

இன்னொரு வழக்கம் இதனினும் ஆழமானது. தொண்டை மண்டலத்தின் பல சிற்றூர்களில் இறந்தோர்க்குச் செய்யும் சடங்கை ஒட்டிக் கர்ண மோட்சக் கூத்து ஆடப்பெறும். பிறப்பால் இகழப்பட்டவன், கொடையால் உயர்ந்தவன், தாய் யார் என்று அறிந்தும் அதை உலகுக்குச் சொல்ல இயலாதவன் கர்ணன். போருக்குப் புறப்படும் அவன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். களத்தில் வீழ்ந்த பின், அந்தண வடிவில் வந்த கண்ணனுக்குத் தான் செய்த அறத்தின் பயனையே ஈந்துவிடுகிறான். குந்தி ஓடிவந்து மகனை மடியில் கிடத்திக் கதறும்போது பெரும்பாலும் விடியும் வேளையாகியிருக்கும். அக்கதறலைக் கேட்டிருப்பவர்கள் யார்? தந்தையை இழந்த வீட்டார். கணவனை இழந்த பெண். தம் துயரைச் சொல்லி அழச் சொல்லற்றுக் கிடந்தவர்களுக்குக் குந்தியின் விருத்தம் சொல் தருகிறது. அந்த வீட்டாரிடம் ‘நீங்கள் கண்ட கூத்துகளுள் சிறந்தது எது?’ என்று கேட்டால் வேறொன்றைச் சொல்வார்களா? கூத்தின் சிறப்பு அதை ஆடிய திறத்தில் மட்டும் இல்லை. கண்டவரின் வாழ்வில் அது வந்து சேர்ந்த நாளிலும் இருக்கிறது.

1891: இகழ்ந்தவர் ஏற்றுக்கொண்டார்

கூத்துக் களரியிலிருந்து சென்னை நகரத்து மேடைக்குச் சென்றாலும் இவ்வுண்மை மாறவில்லை. 1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. அது படிப்பதற்கென எழுதப்பட்ட நாடகம். பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பாரின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்ததும் அவ்வாண்டே. அதைப் பார்த்தவர்களுள் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964).

அதுவரை தமிழ் நாடகத்தின்மீது தமக்கு வெறுப்பே இருந்தது என அவர் தம் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். கற்றோர் பலருக்கும் அன்று அக்கருத்தே இருந்தது. ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. அந்தத் தெலுங்கு நாடகம் அவர் கண்ணைத் திறந்தது. பதவியும் படிப்பும் உடைய பெரியோர் மேடையேறி நடித்ததைக் கண்ட அவர், தமிழில் ஏன் இது கூடாது என்று எண்ணினார். அவ்வாண்டிலேயே சுகுண விலாச சபை தோன்றியது. வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கிய அவர் மனோகரா, சபாபதி முதலாகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களைத் தந்தார். தாமே நடிக்கவும் செய்தார்.

பெல்லாரிக் குழுவினர் நடித்த அந்த நாடகம் இன்று எங்கும் இல்லை. அதன் ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை. ஆயினும் தமிழகத்தில் பயில்முறை நாடக சபைகள் பெருகியதற்கு ஒரு வித்து அது. பார்த்தவர் ஒருவர் நெஞ்சில் விழுந்து, அங்கே முளைத்தது.

குரல் கேட்கச் சென்றோர்

இசை நாடகத்தின் தலைமை ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவர் முதலில் நடிகராகவே விளங்கினார். எமன், சனீசுவரன் போன்ற அச்சந்தரும் வேடங்கள் அவருக்கு உரியன. அவருடைய கோலத்தைக் கண்டு கருவுற்ற பெண் ஒருத்திக்கு ஊறு நேர்ந்தது என்றும், அது கேட்டு வருந்திய சுவாமிகள் அத்தகைய வேடம் புனைவதையே விட்டு ஆசிரியப் பணியில் நிலைத்தார் என்றும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தம் திறமையை உலகம் மெச்சும்போது, அத்திறமையால் ஓர் உயிர் வருந்தியதே என மேடையை விட்டு விலகிய உள்ளம் அது. காண்போரை மதிக்கும் கலைஞனின் இலக்கணம் அதில் அடங்கியுள்ளது. அவர் எழுதிய வள்ளி திருமணமும் கோவலன் சரித்திரமும் பவளக்கொடியும் இன்றும் தென்மாவட்டங்களில் மேடையேறுகின்றன.

அந்த இசை நாடக மேடையில் ஒலிபெருக்கி வருமுன் குரலே எல்லாமாக இருந்தது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதுக்கும் பாடல் எட்ட வேண்டும். எட்டியது என்பதற்குச் சான்று, அங்கிருந்து எழும் ‘ஒன்ஸ்மோர்’ என்னும் குரல். இவ்வகையில் பெரும் புகழ் பெற்றவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933). உச்ச சுருதியில் தடையின்றி உலவிய அவர் குரலைக் கேட்க மக்கள் திரண்டனர். அவரோடு இணைந்து பாடியவர் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் (1908-1980). இலங்கையில் 1926இல் ஒரே மேடையில் சந்தித்த இவ்விருவரும் மறு ஆண்டில் மணம் புரிந்தனர்.

வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் பாட்டுக்குப் பாட்டு எதிர்நின்று தர்க்கம் செய்யும் இடமே உயிர்நிலை. எழுதி வைத்த பாடலோடு அது நிற்பதில்லை. ஒருவர் எடுத்த இராகத்தை மற்றவர் வாங்கி வளர்ப்பார். அவை எவர் பக்கம் சாய்கிறது என்பதை அறிந்து பாட்டு நீளும். மேடையில் எதிரெதிரே நின்று பாடியவர்கள் வாழ்விலும் ஒருவரையொருவர் விரும்பியவர்கள் என்பதை அறிந்த அவைக்கு அத்தர்க்கம் இருமடங்கு இனித்திருக்கும்.

1933இல், இருபத்தேழு வயதில், கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதான சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை அணிந்தார். ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் அவர் நந்தனாராகவே நடித்தார்; 1953இல் அவ்வையாராகத் தோன்றினார். அவ்வுறுதி இறுதிவரை நிலைத்தது. அவ்விருவரையும் ஒன்றாக மேடையில் கண்டவர்களுக்கு அந்த இரவுகள் மீண்டும் வாய்க்கவில்லை. இசைத்தட்டுகள் இருக்கின்றனவே எனலாம். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். அவையின் முகம் பார்த்து நீண்ட பாட்டைத் தட்டு மூன்று நிமிடத்தில் அடைத்தது. குரலை அது காத்தது. அந்தத் தர்க்கத்தைக் காக்க அதனால் இயலவில்லை.

மகளிர் பற்றிய மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கும்பகோணம் பாலாமணி அம்மையார் மகளிரையே கொண்டு நாடகக் குழு ஒன்றை நடத்தினார். அவருடைய நாடகத்தைக் காண்பதற்கென்றே தனி இரயில் விடப்பட்டது என நாடக வரலாற்றார் குறிப்பிடுவர். புகழின் உச்சியில் இருந்த அவருடைய நடிப்பு எவ்வாறு இருந்தது என்பதை விளக்கமாகச் சொல்லும் சான்றுகள் மிகக் குறைவு. ஊரே திரண்டு கண்ட காட்சி, எழுதி வைப்பார் இன்மையால் பெயரளவில் சுருங்கிவிட்டது.

ஒவ்வோர் இரவும் ஒரு நாடகம்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் குழுவில் ஆறு வயதில் சேர்ந்தவர் தி. க. சண்முகம் (1912-1973). பின்னாளில் அவர் அவ்வையார் வேடம் பூண்டு நடித்த நாடகம் அவருக்கு ‘அவ்வை’ என்னும் அடைமொழியைத் தந்தது. நடுவயதுகூட எட்டாத ஓர் ஆடவர், கூன் விழுந்த மூதாட்டியாக மேடைக்கு வந்தார். சில நொடிகளில் அவையோர் ஆடவரை மறந்தனர், மூதாட்டியையே கண்டனர். பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னால் அவை இட்ட பெயர் நின்றுவிட்டது. நவாப் இராஜமாணிக்கம் பெயரும் இவ்வாறே அமைந்தது. பக்த இராமதாஸ் நாடகத்தில் நவாபாக அவர் நடித்ததை மக்கள் மறக்கவில்லை. அவர் மேடையேற்றிய ஐயப்பன் நாடகம், சபரிமலை வழிபாடு தமிழகத்தில் பரவத் துணைநின்றது. காட்சி கொட்டகையோடு நில்லாமல் மக்களின் வாழ்க்கைக்குள் சென்றதற்கு இது சான்று.

இவர்களிலிருந்து முற்றிலும் வேறானவர் எம். ஆர். இராதா (1907-1979). திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இரத்தக் கண்ணீர் நாடகத்தில் செல்வச் செருக்கால் சீரழிந்து தொழுநோயுற்ற மோகனாக அவர் நடித்தார். அன்றன்று நாட்டில் நடந்த செய்திகளை அன்றிரவே உரையாடலில் கலந்து சொல்வது அவர் வழக்கம். அவையிலிருந்து எழும் குரலுக்கும் மறுமொழி கிடைக்கும். பார்த்தவர்களே மீண்டும் மீண்டும் பார்த்ததன் காரணம் இதுவே. நேற்றைய இரத்தக் கண்ணீர் இன்றைய இரத்தக் கண்ணீர் அன்று. அவருடைய இராமாயண நாடகம் எழுப்பிய புயலை ஒட்டியே 1954இல் நாடக நிகழ்ச்சிகள் குறித்த சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது எனக் கருதுவோர் உளர். இரத்தக் கண்ணீர் திரைப்படமாக வந்ததும் அதே 1954இல்தான். படத்தில் இராதாவின் குரல் இன்றும் வாழ்கிறது. ஆயினும் பல்லாயிரம் இரவுகளுள் அது ஓர் இரவே.

கட்டபொம்மன் கதை மற்றொரு தொடர்ச்சியைக் காட்டுகிறது. திருச்சியில் வளர்ந்த கணேசன் என்னும் சிறுவன், ஏழு வயதளவில் கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைத் தந்தையோடு சென்று கண்டான். நடிகனாக வேண்டும் என்னும் வேட்கை அன்றே பிறந்தது எனச் சிவாஜி கணேசன் (1928-2001) பின்னர்ப் பலமுறை கூறியுள்ளார். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய வீரபாண்டிய கட்டபொம்மனை அவர் 1957இல் மேடையில் நடித்தார். 1959இல் அது திரைப்படமாயிற்று. அப்படத்தைக் கண்டவர் கோடிக்கணக்கானோர். அக்கூத்தை ஆடிய கம்பளத்தாரின் பெயர்களோ நாடக வரலாற்றில் இல்லை. கூட்டத்தில் அமர்ந்திருந்த ஒரு சிறுவனின் கண்ணில் அவர்கள் ஆடிக்கொண்டே இருந்தனர்.

கடல் கடந்த சான்று

இலங்கையிலும் இவ்வாறு நிகழ்ந்தது. பேராசிரியர் சரச்சந்திர 1956இல் மேடையேற்றிய ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம் அங்குள்ள நாட்டார் நாடக மரபிலிருந்து எழுந்தது. அதன் வெற்றி பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தனை (1924-1989) எண்ண வைத்தது. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர்க்களரிகளில் ஆடப்பெற்ற நாட்டுக்கூத்தை அவர் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். கர்ணன் போர் 1962இலும் இராவணேசன் 1964இலும் மேடையேறின. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் அக்கலையின் பேராசிரியராக விளங்கினார். வேற்றுமொழி நாடகத்தைக் கண்டு பம்மல் சம்பந்தனாருக்கு 1891இல் நேர்ந்ததே வித்தியானந்தனாருக்கும் நேர்ந்தது. பிறர் கலையைக் கண்டபோது தம் வீட்டுக் கலையின் அருமை விளங்கியது.

மீண்டும் வட ஆர்க்காட்டுக்கு

இவ்வரிசையின் இறுதிச் சான்று இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது. செய்யாற்றுப் பகுதியில் உள்ள புரிசை, தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடிவரும் தம்பிரான் குடும்பத்தின் ஊர். அவ்வூர் நடேசத் தம்பிரானின் கூத்தை 1970களில் எழுத்தாளர் ந. முத்துசாமி (1936-2018) கண்டார். அவர் அப்போதே அறியப்பட்ட சிறுகதையாசிரியர். நவீன நாடகங்களையும் எழுதி வந்தவர். நவீன நாடகத்திற்கு வேண்டிய உடல்மொழி தமிழ்நாட்டுச் சிற்றூரிலேயே இருக்கிறது என்பதைத் தம்பிரானின் கூத்து அவருக்குக் காட்டியது. 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்ற நடிகர் பலர் இன்று மேடையிலும் திரையிலும் பெயர் பெற்று விளங்குகின்றனர். அவர்களைத் திரையில் காணும் இளைஞர்கள், அந்நடிப்பின் வேர் புரிசைக் களரியில் இருக்கிறது என்பதை அறிய வேண்டும்.

நாட்டில் எத்தனையோ பேர் கூத்தைப் பார்த்தனர். முத்துசாமி பார்த்ததை எழுதினார், பிறர்க்குச் சொன்னார், அதன்படி ஒரு பட்டறையும் கண்டார். காண்பது ஒரு செயல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

பதிவும் நினைவும்

சப்பானியரின் நோ நாடகத்திற்கு இலக்கணம் வகுத்த செயாமி, நடிப்பின் சிறப்பை ‘மலர்’ என்று அழைத்தார். மலர் உதிர்வதனாலேயே அது மலர்ந்த வேளை அருமையாகிறது என்பது அவர் கருத்து. ஆறு நூற்றாண்டுகளாக அம்மலர் அங்கு மீண்டும் மீண்டும் மலர்கிறது. 2001இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் வாய்மொழி, அருவக் கலைச்செல்வங்களை முதன்முறை அறிவித்தபோது நோவும் கேரளத்தின் கூடியாட்டமும் அதில் ஒருசேர இடம்பெற்றன. அவ்விரு நாட்டிலும் ஆடுவோரோடு அறிந்து சுவைப்போரும் தொடர்ந்து உருவானமையே அக்கலைகள் நிலைத்ததற்குக் காரணம்.

இங்கு நிலை எவ்வாறு உள்ளது? கூத்து இன்றும் ஆடப்பெறுகிறது. ஆயினும் விடியும்வரை ஆடிய கூத்தை நகர அரங்குகளில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்திற்குச் சுருக்குகின்றனர். களரியைச் சுற்றிக் கைப்பேசிகள் உயர்கின்றன. முழு இரவுக் கூத்தும் இணையத்தில் கிடைக்கிறது. இதைக் குறை என்று மட்டும் கொள்ளலாகாது. பாலாமணி அம்மையார் காலத்தில் இக்கருவி இருந்திருந்தால் அவர் குரல் இன்று கிடைத்திருக்கும். பதிவு அடவைக் காக்கும், பாட்டைக் காக்கும். பகலில் பாரதம் கேட்டு, இரவில் கர்ணனை எடைபோட்டு, விடியலில் குந்தியோடு அழுத அவையை அது காக்காது. தட்டில் அடங்கிய மூன்று நிமிடம் எதை விட்டதோ அதையே இன்றைய ஒளிப்பதிவும் விடுகிறது.

அந்த அவை இன்னும் முற்றும் கலைந்துவிடவில்லை. அதன் இறுதி வரிசை இன்று இவ்விழாப் பந்தலில் அமர்ந்திருக்கிறது. எழுபதையும் எண்பதையும் கடந்த பெரியோர்களும் தாய்மார்களுமே அவ்வரிசை. ஒரு கூத்து இருமுறை மறைகிறது: ஆடிய இரவு விடியும்போது ஒருமுறை; அதைக் கண்டவர்களுள் இறுதியானவர் மறையும்போது மறுமுறை. முதல் மறைவைத் தடுக்க எவராலும் இயலாது. இரண்டாம் மறைவைத் தடுக்க ஓர் எழுதுகோலும் ஒரு குறிப்பேடும் போதும்.

நிறைவாக

பத்தாண்டுகளில் இவ்வட்டம் குறளையும் சிலம்பையும் பாரதியையும் இவ்வூர் மக்களிடம் கொண்டு சென்றது. வரும் பத்தாண்டுகளில் இவ்வூர் மக்களிடமிருந்து பெற வேண்டியது ஒன்று உண்டு. வட்டத்தின் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் சென்று நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும். மறக்க முடியாத கூத்து எந்த ஊரில் நடந்தது? அந்த வேடத்தைக் கட்டியவர் யார்? எந்த இடத்தில் கண் கலங்கியது? மறுநாள் காலை வீட்டிற்குச் சென்றபின் என்ன நினைத்தீர்கள்? விடைகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். குறிப்பாகத் தாய்மார்களிடம் கேட்க வேண்டும். களரியில் ஆடாதவர்கள் அவர்கள். ஆனால் முந்தானை ஏந்தியவர்களும் குந்தியோடு அழுதவர்களும் அவர்களே. மேடை வரலாற்றில் அவர்கள் குரல் ஒலித்ததே இல்லை. பத்துப் பேரிடம் கேட்டு எழுதினாலும் அது தமிழ் நாடக வரலாற்றுக்கு இவ்வூர் தரும் புதிய அதிகாரமாகும்.

இதே சவ்வாது மலைத்தொடரில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்து சேரும் பழைய ஒளியை ஏந்துகிறது. விண்மீனை விட்டு அவ்வொளி நெடுங்காலத்திற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. ஏந்துவதற்கு ஒருவர் விழித்திருப்பதால் அது இன்று கண்ணுக்குத் தெரிகிறது. மலையின் மேலே அவ்வாறு விழித்திருப்போர் இருக்கிறார்கள். மலையடிவாரத்திலும் விழித்திருப்போர் வேண்டும். கூத்தவை கலையும் என்றார் வள்ளுவர். கலைந்தவர் வீடுதோறும் சென்று கேட்டால் காட்சி கலையாது.